அண்ணன் போனில் என் ஓடிபி

பதினோரு வருஷம் என் பணம் முழுவதும் அண்ணனுடைய செல்போனுக்குள் குடியிருந்தது. சம்பாதித்தது நான், சேர்த்தது நான். ஆனால் அதில் நூறு ரூபாயை அசைக்க வேண்டுமென்றாலும் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருக்கும் அவனுக்குப் போன் போட்டு, "அண்ணே, ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்று கெஞ்ச வேண்டும். நான் இருப்பது அந்தமானில், போர்ட் பிளேயரில். இதைக் கேட்டால் மெயின்லேண்ட்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் இருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களில் எத்தனையோ பேர் இதே கிறுக்குத்தனத்தைச் செய்தவர்கள்தான்.

கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. வங்கியிலிருந்து ஓடிபி காலையில் புறப்படும், பத்து நிமிஷத்தில் செத்துப்போகும், செத்த பிறகு மத்தியானச் சோற்று நேரத்துக்குத் தீவிலுள்ள போனுக்கு வந்து சேரும். புரோத்ராபூரில் என் வீட்டுக்குள் டவர் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு காட்டும். அதனால் தீவுக்காரர்கள் எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். மெயின்லேண்டில் யாராவது ஒரு சொந்தக்காரர் இருப்பார், அவர் நம்பரை வங்கியில் கொடுத்துவிடுவது. ஓடிபி அவருக்குப் போகும், அவர் போனில் நமக்கு வாசித்துச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாவுக்குக் கல்கத்தாவில் மருமகன். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரருக்கு விசாகப்பட்டினத்தில் மச்சான். எனக்கு அண்ணன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது இங்கேதான். தச்சு வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர் அப்பா. வயதான பிறகு அப்பாவும் அம்மாவும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள், அண்ணனும் அவர்களோடு போய்க் கடல் தொழிலில் இறங்கினான். நான் போகவில்லை. எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றி, புளிச்சோறும் மீன் வறுவலும் பொட்டலம் கட்டி, ஸ்கூட்டியில் வைத்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு, படகுத்துறைக்குக் கொண்டுபோவேன். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குக் காலைப் படகு ஏறுகிறவர்கள் வாங்குவார்கள். ஏழரை மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். இருபது வருஷமாக இதுதான் என் சோறு.

அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் இறந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அண்ணன்தான் வங்கிக்குக் கூட்டிப்போனான். கணக்குத் திறக்கும் படிவத்தில் மொபைல் நம்பர் என்ற கட்டத்தில் அவன் நம்பரை அவனே எழுதினான். "அங்கன ஒனக்கு நெட்வொர்க்கே கெடையாதே பிள்ள, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அன்றைக்கு அது பாசம்தான். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பாசத்துக்கும் ஒரு வால் இருந்தது. ஓடிபி சும்மா வராது, கேள்வியோடு வரும். "எண்ணூத்தம்பது ரூவாயா? என்னத்துக்கு?" "செருப்பு." "செருப்புக்கு எண்ணூத்தம்பதா? கால்ல தங்கம் கெட்டிருக்கானா?" இப்படி ஒவ்வொன்றுக்கும் விசாரணை. ஒரு முறை உள்ளாடை வாங்கியதற்குக்கூட அவனிடம் பதில் சொல்லியிருக்கிறேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவன் கடலுக்குப் போய்விட்டால் என் பணமும் கடலுக்குப் போய்விடும். மூன்று நாள், நான்கு நாள் கழித்து அவன் கரையேறி, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகுதான் நான் கரண்ட் பில் கட்ட முடியும்.

மாதம் இரண்டாயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன் என்றபோது அவன் பேசிய பேச்சு இருக்கிறதே! "இட்லிக்காரிக்கு எதுக்கு ஷேர் மார்க்கெட்டு? கம்பெனிக்காரன் சுருட்டிட்டுப் போவான், நீ ஜெட்டியில உக்காந்து அழுவே" என்றான். நான் விடவில்லை. ஒரு வாரம் தினமும் போன் போட்டு அந்த ஓடிபியை வாங்கினேன். மார்க்கெட் விழுந்த மாதங்களிலும் நிறுத்தவில்லை. விழுந்தபோது அவன் அடித்த கேலியைக் கேட்பதைவிட அந்த நஷ்டம் எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு கேபிள் வந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்தே வீடியோ பார்க்கிற அளவுக்கு நெட் வந்தது. ஓடிபியை அண்ணனிடம் அனுப்பியதற்குச் சொன்ன காரணம் அன்றோடு தீர்ந்தது. ஆனால் நம்பர் அங்கேயே இருந்தது. ஒரு முறை, "நம்பரை மாத்திக்கிடட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "ஏன், என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று ஒரே கேள்வி கேட்டான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஜெட்டியில் டூரிஸ்ட்டுகள் போனை நீட்டிக்கொண்டு, "ஸ்கேனர் கஹா ஹை, தீதி?" என்று பணம் போடுகிற க்யூஆர் அட்டையைத் தேடுவார்கள். பணத்தை போனில் வாங்க வேண்டுமென்றால் வங்கியில் உள்ள நம்பரின் சிம் என் போனில் இருக்க வேண்டுமாம். அது தூத்துக்குடியில் அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. "ஸ்கேனர் நஹி ஹை" என்றால் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கிரெடிட் கார்டும் வாங்கினேன். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கார்டு தர வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. நம் பணத்தை எஃப்டி என்ற வைப்புக் கணக்கில் போட்டால் அதையே ஜாமீனாக வைத்துக்கொண்டு கார்டு கொடுப்பார்கள். நான் இரண்டு லட்சம் போட்டேன். அந்த இரண்டு லட்சம் எதற்கென்று எனக்கு முதல் நாளே தெரியும். ஜெட்டி ரோட்டில் ஒரு கடைக்கு அட்வான்ஸ். மழையில் தார்ப்பாய்க்குக் கீழே நின்று இட்லி விற்றவளுக்குத்தான் தலைக்கு மேல் ஒரு கூரை என்றால் என்னவென்று தெரியும்.

கார்டில் முதலில் வாங்கியது ஒரு பெரிய கிரைண்டர். ஆன்லைனில் பார்த்தால் எங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்று வந்தது. எப்போதும் வருவதுதான். எனவே டெலிவரி அண்ணன் வீட்டுக்கு, அவன் அங்கிருந்து கப்பலில் அனுப்பினான். ஆர்டர் போட்டதும் அவன் போனில்தான். கார்டு நம்பரும் அந்த ஆப்பிலேயே பதிவாகி நின்றுவிட்டது. ஆக, கார்டு நம்பர் அவனிடம், ஓடிபி அவனிடம், மாதாமாதம் வரும் பில்லும் அவனிடம். பெயர் மட்டும் என்னுடையது. இதை இப்போது எழுதும்போது எனக்கே என்னை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருக்கிறது.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் ஜெட்டி ரோட்டில் ஒரு ஷட்டர் கடை காலியானது. அகலம் பத்தடிதான், ஆனால் படகுக்குப் போகிறவன் எவனும் அதைத் தாண்டாமல் போக முடியாது. கடை சொந்தக்காரர் மலையாளி, என்னிடம் பல வருஷமாக இட்லி வாங்குகிறவர். "சேச்சி, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ். பதினஞ்சு நாள் உங்களுக்காக வச்சிருக்கேன். அப்புறம் மொபைல் கடைக்காரன் காத்திருக்கான்" என்றார். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக இங்குள்ள வங்கிக் கிளைக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு பெங்காலிப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "தீதி, யே எஃப்டி அபி தோட் நஹி சக்தே" என்றாள். உடைக்க முடியாதாம். ஏன் என்று கேட்டேன். கார்டில் இஎம்ஐ ஓடுகிறது, அது முடிந்து கார்டை மூடினால்தான் எஃப்டியைத் தொட முடியும் என்று ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னாள். என்ன இஎம்ஐ? நான் எதுவும் வாங்கவில்லையே! அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். படகு எஞ்சின். ஒரு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டு மாதத் தவணை. நான்கு கட்டியிருந்தது, எட்டு பாக்கி.

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை, கோபத்தில். வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எஞ்சின் வாங்கினியா?"

அவன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "ஆமா பிள்ள, பழசு நடுக்கடல்ல நின்னு போச்சு. தொழில் கெடக்கணுமா? ஒன் கார்டு சும்மாதான கெடந்துச்சு. மாசாமாசம் நாந்தான கெட்டுதேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்லா?"

"கேட்டா என்ன, வேண்டாம்னா சொல்லிருப்பே?"

"சொல்லிருப்பேன். எனக்குக் கட பாத்திருக்கேன். பதினஞ்சு நாள் கெடு. மிச்சத்த ஒரேயடியா கெட்டிரு."

அவன் சிரித்தான். "கடையா? ஒத்தப் பொம்பள, ஒனக்கு எதுக்கு கட? இருக்கத வச்சு ஒழுங்கா இரு. எட்டு மாசம் கழிச்சுப் பாப்போம்." போனை வைத்துவிட்டான்.

எட்டு மாசம் கழித்துப் பார்ப்பானாம்! இவன் யார் பார்ப்பதற்கு? எஞ்சின் வாங்கியதைக்கூட நான் மன்னித்திருப்பேன். கடலில் எஞ்சின் நின்றால் உயிர் போகும், எனக்கும் தெரியும். அழுதுகொண்டு கேட்டிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பொட்டலம் விற்ற கையோடு, மீன் வாடை போகாத சேலையோடு, மறுபடி வங்கிக்குப் போனேன். அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னாள். மியூச்சுவல் ஃபண்டில் பணம் இருக்கிறதே, அதை எடுத்து எஞ்சின் பாக்கியை அடைத்துவிடுங்கள் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அதை எடுக்கவும் ஓடிபி வேண்டும், அந்த ஓடிபியும் அண்ணனுக்குத்தான் போகும். சரி, நம்பரை மாற்றிவிட்டு எடுக்கலாமே என்றாள். "நஹி" என்றேன். அது மாதாமாதம் அவன் கேலியைக் கேட்டுக்கேட்டு நான் சேர்த்த காசு. அவன் எஞ்சினுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகாது. கடையே போனாலும் போகாது. அவள் நம்பர் மாற்றும் படிவத்தை எடுத்து வைத்தாள்.

படிவத்தை நானே நிரப்பினேன். மொபைல் நம்பர் கட்டத்தில் பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினேன். அடுத்து ஆதாருக்குக் கைரேகை. கட்டைவிரலை வைத்தேன், பதியவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், பதியவில்லை. ஆள்காட்டி விரலும் அப்படியே. இருபது வருஷம் சூட்டில் இட்லித் தட்டைத் தூக்கினால் ரேகை எங்கே இருக்கும்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். "முனகாதீங்க, இது என் விரல்" என்றேன் தமிழிலேயே. யாருக்குப் புரிந்ததோ, முனகல் நின்றது. கடைசியில் மோதிரவிரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. மோதிரமே போடாத விரல் அது, தேய என்ன இருக்கிறது!

"பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகும், தீதி" என்றாள் அந்தப் பெண். போகட்டும் என்றேன்.

அப்புறம் இன்னொரு படிவம் கேட்டேன். நாம் செய்யாத செலவு கார்டில் இருந்தால் புகார் எழுதுகிற படிவம். அவள் தயங்கினாள். மாதங்கள் ஆகிவிட்டன, நம்பரும் நீங்களே கொடுத்தது, இதனால் பணம் திரும்பக் கிடைக்காது என்று உள்ளதைச் சொன்னாள். நம்பர் நானே கொடுத்ததுதான். அந்தத் தப்பு என்னுடையது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனாலும் படிவத்தை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒரு இடத்தில், இந்தச் செலவு உங்கள் அனுமதியோடு நடந்ததா என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தது. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். செலவு செய்தவரைத் தெரியுமா என்று அடுத்த கேள்வி. தெரியும் என்று எழுதி, உறவு என்ற இடத்தில் உடன்பிறந்த அண்ணன் என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"நம்பர மாத்திட்டியா? ஏட்டி, கூடப் பொறந்தவனத் திருடன்னு எழுதிருக்கியே! நீ ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறவதானா?"

"திருடன்னு நான் எங்கண்ணே எழுதினேன்? நீ நல்லாப் படி. ஃபார்ம்ல கேட்டதுக்குப் பதில் எழுதிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்பா இருந்தா இப்பிடிப் பண்ணுவியா?"

"அப்பா இருந்தா நீ எஞ்சின் வாங்கிருப்பியா?"

அவன் அடுத்ததைத் தொடங்கவிடாமல் நான் தொடர்ந்தேன். "சனிக்கிழமைக்குள்ள மிச்சப் பணம் கார்டுல ஏறணும். ஏறலன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருவேன். பேங்க்காரன் ஒன் வீட்டு வாசலுக்கு வந்து கேக்கட்டும், ஊரே பாக்கட்டும். எனக்கு ஊர் கெடையாது, நான் தீவுக்காரி."

"நீ நல்லா இருப்பியாட்டி?"

"இருப்பேண்ணே. இனிமேதான் நல்லா இருப்பேன்." இந்த முறை போனை வைத்தது நான்.

தைரியமாகத்தான் பேசினேன். ஆனால் அந்த மூன்று நாளும் ராத்திரியில் அந்தப் படிவத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இருக்கிற ஒரே ரத்த உறவு அவன். சனிக்கிழமை வந்தால் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போட வேண்டிய தேவை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஜெட்டியில் பாத்திரம் பாதி காலியாகியிருந்தபோது, என் போன் டிங் என்றது. எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் கார்டில் ஏறியிருந்தது. பதினோரு வருஷத்தில் வங்கி எனக்கு அனுப்பி, என் கைக்கே வந்து சேர்ந்த முதல் பெரிய மெசேஜ் அது. ஹேவ்லாக் போகிற ஒருவர் சட்னி கேட்டுக்கொண்டே நின்றார், நான் அவரைக் கவனிக்கவில்லை.

அன்றே போய் இஎம்ஐயை முடித்து, கார்டை மூட எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் எஃப்டி கைக்கு வந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடை சொந்தக்காரச் சேட்டனிடம் ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினேன். இரும்புச் சாவி, கனமாக இருந்தது. சுவரில் மாதா படத்தை மாட்டுவதற்கு முன்பே ஸ்கேனரை ஒட்டினேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கடை திறந்து நான்காம் நாள், காலைக் கூட்டம் ஓய்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மைனி கூப்பிட்டாள், அண்ணன் பெண்டாட்டி. அவள் எனக்குத் தானாகப் போன் போட்டதே கிடையாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எஞ் சங்கிலிய அடகு வச்சுத்தான் ஒனக்குக் கெட்டினாவ" என்றாள். "என்னையக் கேக்கல. பீரோவத் தெறந்து எடுத்துட்டுப் போய்ட்டாவ."

நான் அண்ணனோடு போட்ட சண்டையில் கழுத்து காலியானது இவளுக்கு. நான் ஜெயித்ததெல்லாம் ஒரு நொடியில் கசந்தது. "மைனி, சத்தியமா எனக்குத் தெரியாது மைனி. சங்கிலிய நான் மீட்டுத் தாரேன். நாலு மாசம் குடுங்க, கட ஓடுது" என்றேன்.

"அது கெடக்கு, பொறு" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் டிவி சத்தம் கேட்டது. "மகளிர் குழுவுல எனக்கு ஒரு கணக்கு இருக்கு பிள்ள. ஏழு வருசமா நான் வல பின்னிப் போட்ட துட்டு. அதுலயும் இவுக நம்பர்தான் கெடக்கு. நீ என்ன ஃபார்ம் எழுதினே? எந்தக் கவுண்டர்ல கேக்கணும்?"

நான் அப்படியே கடை வாசற்படியில் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வலை பின்னுகிற விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மொபைல் நம்பர் மாத்துற ஃபார்ம்னு கேளுங்க மைனி. ஆதாரக் கையில கொண்டு போங்க. அண்ணன் கடலுக்குப் போற அன்னிக்குப் போங்க. கட்டவிரல் பதியலன்னு சொல்லி உங்களத் திருப்பி அனுப்பப் பாப்பாங்க. எந்திரிக்காதீங்க. மோதிரவிரல வைங்க."